7 போர்ட் இருக்கு... பவர் இருக்கா? யூஎஸ்பி ஹப் வாங்கும் முன் பார்க்க வேண்டியது இதைத்தான்!

கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒருவரின் மேசையைக் கற்பனை செய்து பாருங்கள். லேப்டாப்பில் இருப்பதே இரண்டு போர்ட். ஆனால் செருக வேண்டியவை கீபோர்டு, மவுஸ், மெமரி கார்டு ரீடர், ஹெட்செட், இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க், நடுநடுவே சார்ஜ் கேட்கும் போன். ‘போர்ட் பத்தலையே’ என்று ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு 7 போர்ட் ஹப் ஒன்றை வாங்கிச் செருகுகிறார். ஒரு வாரம் எல்லாம் ஓகே. ஒருநாள் ராத்திரி, கார்டில் இருக்கும் முகூர்த்தக் காட்சிகள் டிஸ்க்குக்கு காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போது போனையும் அதே ஹப்பில் சார்ஜ் போடுகிறார். லேப்டாப்பிலிருந்து ஒரு ‘டொடிங்’. டிஸ்க் காணாமல் போகிறது. மறுபடி வருகிறது. ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்கிறது விண்டோஸ்.

இன்றைய முகூர்த்தம் இன்னும் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அதே டிஸ்க்கில் ஏற்கெனவே ஏற்றிவிட்டு, கார்டிலிருந்து அழித்துவிட்ட போன மாதக் கல்யாணம்? அதை ரீடேக் எடுக்க முடியாது.

இதில் குற்றவாளி பெரும்பாலும் டிஸ்க் அல்ல, அந்த ஹப்தான். போர்ட் எண்ணிக்கையையும் விலையையும் மட்டும் பார்த்து வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

ஹப் என்பது ஜங்ஷன் பாக்ஸ் மாதிரிதான்

கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் ஒரு விதம், மவுஸுக்கு இன்னொரு விதம், கீபோர்டுக்கு வேறொன்று என்று இருந்த பிளக் கூத்தை ஒழிக்க வந்ததுதான் யூஎஸ்பி. முதல் பதிப்பு 1996-ல் வெளியானது. இன்டெல் நிறுவனத்தில் அதற்கான குழுவை வழிநடத்தியவர்களில் முக்கியமானவர் இந்தியாவில் பிறந்த அஜய் பட். ஒரே போர்ட்டில் கிளை பிரித்துப் பல கருவிகளை மாட்டலாம் என்பது ஆரம்பத்திலிருந்தே அதன் திட்டத்தில் உண்டு. கணக்குப்படி ஒரு கன்ட்ரோலரில் 127 கருவிகள் வரை மாட்டலாம். (செருகி, திருப்பி, மறுபடி திருப்பிச் செருகும் அவஸ்தையும் அந்தக் காலத்திலிருந்தே கூட வருகிறது!)

ஆனால் 127 என்பது காகிதக் கணக்கு. மொட்டை மாடி டேங்கிலிருந்து வரும் ஒரே குழாயில் ஏழு டேப் மாட்டினால், டேங்கில் தண்ணீர் கூடிவிடுமா? ஏழையும் ஒரே நேரத்தில் திறந்தால் ஒவ்வொன்றிலும் ஒழுகத்தான் செய்யும். ஹப்பும் அதே கதை. அது புதிதாக மின்சாரத்தையோ வேகத்தையோ உருவாக்குவதில்லை. லேப்டாப்பின் ஒரு போர்ட் தருவதை ஏழாகப் பங்கு போடுகிறது, அவ்வளவுதான்.

முதலில் பவர் கணக்கு

யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தர வேண்டிய மின்சாரம் 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். யூஎஸ்பி 3.0 போர்ட் என்றால் 900 மில்லி ஆம்பியர், 4.5 வாட். டைப்-சி போர்ட் 15 வாட் வரைகூடத் தரலாம். ஆனால் தருமா என்பது அந்த லேப்டாப்பைப் பொறுத்தது.

சாதாரண மவுஸும் கீபோர்டும் கொஞ்சம்தான் குடிக்கும். ஒவ்வொன்றும் 100 மில்லி ஆம்பியருக்குள் அடங்கிவிடும். சுழலும் தட்டு உள்ள 2.5 இன்ச் ஹார்டு டிஸ்க் அப்படியல்ல. சுழலத் தொடங்கும் அந்தச் சில விநாடிகளில் ஒரு 3.0 போர்ட்டின் முழுப் பங்கையும் கேட்கும். அப்படிப்பட்ட டிஸ்க் இரண்டு, கூடவே ஒரு போன். மொத்தத் தேவை ஒரு போர்ட் தருவதைவிட எங்கேயோ போய்விடுகிறது. 5 வோல்ட் கொஞ்சம் சரிகிறது. மவுஸ் தாங்கும், டிஸ்க் தாங்காது. எழுதிக்கொண்டிருக்கும்போதே அறுந்து போகிறது. வெளி டிஸ்க்குகளில் பரவலாக இருக்கும் எக்ஸ்ஃபேட் ஃபைல் அமைப்புக்கு, பாதியில் நின்ற வேலையைக் குறித்து வைத்துக்கொண்டு பின்னால் சரிசெய்யும் ஜர்னல் வசதி கிடையாது. அதனால்தான் ஒரு ஃபைல் பாதியில் நின்றால் மொத்த டிஸ்க்கும் ‘என்னைத் தெரியலையே’ என்கிற நிலைக்குப் போகிறது. டிஸ்க்கிலிருந்து ‘டக் டக்’ சத்தம், அடிக்கடி கனெக்ட் ஆகி டிஸ்கனெக்ட் ஆவது, இரண்டும் பவர் பத்தவில்லை என்பதன் அறிகுறிகளாக இருக்கலாம். டிஸ்க் போயிடுச்சு என்று முடிவுகட்டும் முன் அதை நேராக லேப்டாப்பில் மாட்டிப் பார்ப்பது நல்லது.

ஆகவே முதல் கேள்வி, ஹப்புக்குத் தனி அடாப்டர் உண்டா? மவுஸ், கீபோர்டு, பென் டிரைவ் மட்டும்தான் என்றால் அடாப்டர் இல்லாத ஹப்பே போதும், காசை வீணாக்க வேண்டாம். ஹார்டு டிஸ்க் ஒன்றுக்கு மேல் மாட்டுவதாக இருந்தால் அடாப்டர் உள்ளதைத்தான் வாங்க வேண்டும்.

‘அடாப்டர் இருக்கு’ என்று பெட்டியில் போட்டிருப்பதோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது. அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். 7 போர்ட்டும் தலா 4.5 வாட் தர வேண்டும் என்றால் மொத்தம் 31.5 வாட் தேவை. 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் தருவது 10 வாட்தான். 12 வோல்ட், 3 ஆம்பியர் என்றால் 36 வாட். இதுதான் நிஜமான 7 போர்ட் ஹப். ‘12 வோல்ட்டா? டிஸ்க் எரிஞ்சிடாதா?’ என்று பயப்பட வேண்டாம். ஹப்புக்குள் இருக்கும் சர்க்யூட் அதை 5 வோல்ட்டாகக் குறைத்துத்தான் வெளியே விடும். பயப்பட வேண்டியது வேறு இடத்தில். உருண்டைப் பின் ஒரே அளவில் இருக்கிறதே என்று வீட்டில் கிடக்கும் பழைய ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டரை 5 வோல்ட் ஹப்பில் செருகிவிடக் கூடாது. அப்படிச் செய்தால் ஹப் மட்டுமல்ல, அதில் மாட்டியிருப்பவையும் காலி.

கம்ப்யூட்டர் சாதனங்களுக்கான பவர் அடாப்டர்கள் இந்தியாவில் பிஐஎஸ் அமைப்பின் கட்டாயப் பதிவுக்குள் வருகின்றன. அடாப்டரில் ‘ஆர்’ என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை வாசலில் நின்றபடியே இதைச் செய்யலாம், ஒரு நிமிட வேலை.

கரன்ட் போனால்?

இதைப் பெரும்பாலானோர் யோசிப்பதில்லை. கரன்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியில் ஓடும். ஆனால் அடாப்டரில் ஓடும் ஹப் அந்த நொடியே படுத்துவிடும். அல்லது லேப்டாப்பின் ஒற்றைப் போர்ட்டிலிருந்து பவரை உறிஞ்சப் பார்க்கும். இரண்டிலும் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்குகள் அறுபடும். லேப்டாப் ஸ்கிரீன் எரிந்துகொண்டே இருப்பதால் எதுவும் ஆகவில்லை என்று தோன்றும். எனவே ஹப்பின் அடாப்டர், ரவுட்டரைப் போலவே யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டியது. சாதாரண இன்வெர்ட்டர் என்றால், அது மாறும் அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தை ஹப் தாங்குகிறதா என்று முக்கியமான ஃபைல் எதுவும் ஓடாதபோது ஒரு தடவை மெயினை அணைத்துப் பார்த்துவிடலாம்.

இன்னொரு சோதனை டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு. மட்டமான சில ஹப்கள் அடாப்டர் மின்சாரத்தைக் கீழே கருவிகளுக்கு மட்டும் அனுப்பாமல், மேலே கம்ப்யூட்டருக்குள்ளும் தள்ளிவிடும். டெஸ்க்டாப்பை அணைத்து, அதன் பவர் கேபிளைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, ஹப்பின் அடாப்டரை மட்டும் ஆன் செய்து பாருங்கள். கேபினட்டுக்குள் ஏதாவது விளக்கு எரிந்தால் அந்த ஹப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவது உத்தமம்.

வேகம்: பெயரில் ஏமாற வேண்டாம்

யூஎஸ்பி 3.0 என்று 2008-ல் வந்ததுதான் பிறகு 3.1 ஜென் 1 ஆனது, அதற்கப்புறம் 3.2 ஜென் 1 ஆனது. மூன்றும் ஒன்றே, விநாடிக்கு 5 ஜிகாபிட். ‘3.2’ என்று பெரிய எழுத்தில் போட்டுப் புதுசு போல விற்பார்கள். பதிப்பு எண்ணை விட்டுவிட்டு 5 ஜிகாபிட்டா, 10 ஜிகாபிட்டா என்று மட்டும் பார்த்தால் போதும்.

480 மெகாபிட் வேகமுள்ள 2.0 ஹப்பில் நடைமுறையில் விநாடிக்கு 35, 40 மெகாபைட்தான் கிடைக்கும். 50 ஜிபி காட்சிகளை ஏற்ற 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதையே எஸ்எஸ்டியில் 5 ஜிகாபிட் வழியாக விநாடிக்கு 400 மெகாபைட்டில் ஏற்றினால் சுமார் 2 நிமிடம். சில மலிவு ஹப்களில் ஒரே ஒரு போர்ட் 3.0, மற்றவை 2.0. ஆனால் பெட்டியில் ‘3.0 ஹப்’ என்றுதான் இருக்கும். போர்ட்டுக்குள் நீல நிறம் இருந்தால் 3.0 என்பார்கள். அது வழக்கம்தானே தவிர கட்டாயம் அல்ல, நீல பிளாஸ்டிக் யாருக்கும் கிடைக்கும். டைப்-சி பிளக் இருப்பதாலேயே வேகம் வந்துவிடாது. உள்ளே 2.0 மட்டுமே ஓடும் டைப்-சி ஹப்களும் உண்டு.

‘3.0 ஹப்பில் பழைய மவுஸை மாட்டினால் எல்லாமே ஸ்லோ ஆயிடும்’ என்பது தப்பான நம்பிக்கை. 2.0-வுக்கும் 3.0-வுக்கும் கேபிளுக்குள் தனித்தனிக் கம்பிகள். ஹப்புக்குள்ளும் இரண்டு தனிப் பாதைகள். மவுஸ் எஸ்எஸ்டியின் பாதையில் குறுக்கே வராது. ஆனால் இரண்டு எஸ்எஸ்டிகள் ஒரே நேரத்தில் ஓடினால் அந்த 5 ஜிகாபிட்டைப் பிரித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பாட்காஸ்ட் செய்பவர்கள், வீட்டில் பாட்டு ரெக்கார்டு செய்பவர்கள் ஆடியோ இன்டர்ஃபேஸை முடிந்தவரை லேப்டாப்பிலேயே நேராக மாட்டுவது நல்லது. வெப்கேமும் அப்படியே. தாமதமில்லாமல் தொடர்ந்து டேட்டா கேட்கும் இவை நெரிசலான ஹப்பில் கறகறக்கும், உறையும்.

வயர்லெஸ் மவுஸ் திக்கினால்...

புது 3.0 ஹப் வாங்கிய கையோடு வயர்லெஸ் மவுஸ் தாவித் தாவிப் போகிறதா? மவுஸ் பேட்டரியைத் திட்ட வேண்டாம். 3.0 டேட்டா ஓடும்போது எழும் இரைச்சல், வயர்லெஸ் மவுஸும் ப்ளூடூத்தும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் போய் விழுகிறது. இதை இன்டெல் நிறுவனமே 2012-ல் ஓர் ஆவணத்தில் விளக்கியிருக்கிறது. மவுஸின் குட்டி டாங்கிளை ஹப்பில் எஸ்எஸ்டிக்குப் பக்கத்தில் செருகாமல், லேப்டாப்பின் மறுபக்கத்திலோ ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளிலோ தள்ளி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மானிட்டரும் சேர்த்து வேண்டுமா?

எச்டிஎம்ஐ போர்ட்டோடு வரும் டைப்-சி ஹப்களில் ‘4கே’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 30 ஹெர்ட்ஸா, 60 ஹெர்ட்ஸா என்று பார்க்க வேண்டும். 30 என்றால் மவுஸ் அம்புக்குறி இழுவையாக நகரும், ஒருநாள் முழுக்கப் பார்த்தால் எரிச்சல் வரும். முதலில் லேப்டாப்பின் டைப்-சி போர்ட் வீடியோவை வெளியே அனுப்புமா என்பதே கேள்வி. எல்லா டைப்-சி போர்ட்டும் அனுப்பாது. மேக்புக் வைத்திருப்பவர்கள் இரண்டு எச்டிஎம்ஐ உள்ள சாதாரண ஹப்பை வாங்கினால் இரண்டு மானிட்டரிலும் ஒரே காட்சிதான் தெரியும். ஒரே டைப்-சி இணைப்பில் இரண்டு தனித் திரைகளை நீட்டிக்க இந்த ஹப்கள் பயன்படுத்தும் முறையை மேக் ஓஎஸ் ஏற்பதில்லை.

சார்ஜரையும் ஹப் வழியாகவே போடும் வசதி இருந்தால், ஹப் தனக்கென்று சில வாட்களை எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தை லேப்டாப்புக்கு விடும். 65 வாட் சார்ஜர் போட்டும் ஏன் மெதுவாக ஏறுகிறது என்பதற்குப் பதில் இதுதான். பல ஹப்களில் சார்ஜரைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் எல்லாக் கருவிகளும் ஒரு கணம் அறுந்து சேரும். காப்பி ஓடும்போது சார்ஜரைத் தொடக் கூடாது.

ஹப் மேல ஹப் மாட்டலாமா?

மாட்டலாம். வரிசையாக ஐந்து வரை விதி அனுமதிக்கிறது. ஆனால் பல 7 போர்ட் ஹப்களுக்குள் ஏற்கெனவே இரண்டு 4 போர்ட் சிப்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். வெளியே ஒன்று, கணக்கில் இரண்டு. மானிட்டருக்குள் இருக்கும் போர்ட்களும் ஒரு ஹப்தான்.

வீடியோ எடிட்டரின் மேசைக்குத் திரும்புவோம். ஒரு டிஸ்க் நேராக லேப்டாப்பில். மற்றொரு போர்ட்டில் 36 வாட் அடாப்டர் உள்ள ஹப், அதில் இரண்டாவது டிஸ்க், கார்டு ரீடர், மற்ற சில்லறைகள். ஹப்பின் அடாப்டர் யூபிஎஸ்ஸில். போன், சுவரில் அதன் சொந்தச் சார்ஜரில். புது ஹப் வந்ததும், ரிட்டர்ன் அனுப்பும் கெடு முடிவதற்குள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாட்டி ஒரு பெரிய ஃபோல்டரை அரை மணி நேரம் காப்பி போட்டுப் பார்ப்பதுதான் நிஜமான சோதனை. இடையில் ஒரு ‘டொடிங்’ கேட்டால்கூடத் திருப்பி அனுப்பிவிடலாம்.

‘ஃபார்மேட் செய்யவா’ என்று விண்டோஸ் ஏற்கெனவே கேட்டுவிட்டதா? ‘கேன்சல்’ அழுத்தி, டிஸ்க்கைக் கழற்றி, நேராக லேப்டாப்பில் மாட்டுங்கள். பல நேரம் அப்படியே திறந்துவிடும். திறந்தால் முதல் வேலை உள்ளே இருப்பதை வேறு டிஸ்க்குக்கு மாற்றுவது. திறக்காவிட்டால் அதில் எதையும் புதிதாக எழுதாமல் டேட்டா ரிகவரி தெரிந்தவரிடம் கொடுங்கள். அவர் மீட்கும் ஃபைல்களைப் போட இன்னொரு காலி டிஸ்க்கையும் கையோடு எடுத்துப் போக வேண்டும்.