புது ஈரல் கிடைத்த பின்னும் கவனம் தேவை

"ஈரல் மாத்தியாச்சு, இனி என்ன பயம்?" என்று அக்கம்பக்கத்தார் ஆறுதல் சொல்வார்கள். ஆனால் நோயாளியைப் பராமரிக்கும் மனைவியோ தாயோ அந்த ஆறுதலோடு நின்றுவிடக் கூடாது. மாற்று ஈரலோடு வாழ்பவர்களில் சிலருக்குச் சில ஆண்டுகளின் பின் உடலின் வேறோர் இடத்தில் புதிதாகப் புற்றுநோய் தோன்றுவதுண்டு. இது பழைய நோய் திரும்பி வருவதல்ல.

காவல் தளர்வது ஏன்?

பிறருடைய ஈரலை நமது உடல் அந்நியமாகக் கருதித் தாக்கும். அதைத் தடுக்கவே டக்ரோலிமஸ் போன்ற மருந்துகளை வாழ்நாள் முழுவதும் கொடுக்கிறார்கள். இவை நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கின்றன. உருமாறும் கலங்களை அழிப்பதும், சில வைரசுகளை அடக்கி வைப்பதும் அதே சக்திதான். காவல் தளரும்போது புற்றுநோய்க்கு வழி பிறக்கிறது.

1963இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தோமஸ் ஸ்டார்ஸல் முதலாவது ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சையை மேற்கொண்டார். அங்கு பணியாற்றிய வைத்தியர் இஸ்ரேல் பென், உறுப்பு மாற்றியவர்களுக்கு வரும் புற்றுநோய்களை 1968 முதல் பதிவுசெய்யத் தொடங்கினார். பொதுமக்களை விட இவர்களுக்கு ஆபத்து இரு மடங்குக்கும் அதிகம் என இன்று அறிகிறோம். எனினும் பெரும்பாலானோருக்கு இது வருவதில்லை.

வெற்றிலைத் தட்டு

வெள்ளை இனத்தவரிடம் தோல் புற்றுநோயே அதிகம். நிணநீர்ப் புற்றுநோய் எவருக்கும் வரலாம். கண்டி மஹய்யாவ போன்ற இடங்களில் வாழும் எங்களுக்கு முதற் கவலை வாய்தான். வேலைக் களைப்புக்கும் பசிக்கும் வெற்றிலை போடுவது எங்கள் குடும்பங்களில் பழகிப்போன விடயம். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூல் கூறுகிறது. குடியினால் ஈரல் கெட்டு மாற்றிக்கொண்டவர் புகையிலையையும் தொடர்ந்தால் ஆபத்து மேலும் கூடும்.

நீங்கள் செய்யக்கூடியவை

* வாரம் ஒருமுறை வெளிச்சத்தில் நோயாளியின் வாயைப் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.
* கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் கட்டி, காரணமின்றிக் காய்ச்சல், மெலிவு, மலத்தில் இரத்தம் ஆகியவற்றை அலட்சியம் செய்யாதீர்கள்.
* பயந்து மருந்தை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் உடல் ஈரலை நிராகரித்துவிடும். அளவை மாற்றுவது வைத்தியரின் பொறுப்பு.
* கேட்காமல் நாட்டு மருந்து கொடுக்க வேண்டாம்.
* ஊர் மாறினாலும் கிளினிக் கொப்பியைக் கைவிடாதீர்கள். இடம்பெயர்ந்து பழகிய நமக்கு ஆவணங்களின் அருமை தெரியும்.

1998இல் டெல்லி அப்பல்லோ வைத்தியசாலையில் தந்தையின் ஈரல் பகுதியைப் பெற்ற காஞ்சிபுரத்துக் குழந்தை வளர்ந்து வைத்தியராகியிருக்கிறார். நமது நாட்டிலும் ராகம போதனா வைத்தியசாலையில் ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை நடைபெறுகிறது. மாற்று ஈரலோடு நீண்ட காலம் வாழலாம். அதனால்தான் கவனமும் நீண்ட காலம் தேவை.

சகோதரிகளே, யுத்தத்தின் பின் குடும்பச் சுமையைத் தனியே தாங்குபவர்கள் நம்மில் பலர். நோயாளியைப் பார்க்கும் அதே கண்ணால் உங்களையும் பாருங்கள். 35 வயதிலும் 45 வயதிலும் வெல் விமன் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை இலவசம். ஈரல் மாற்றிய பெண்களுக்கு இது இன்னும் அவசியம்.