பத்து எண்ணும் முன்பே

கோலாலம்பூர் பார்த்த இரண்டு பெரிய குத்துச்சண்டைகளுக்கு நடுவே 43 ஆண்டுகள். 1975 ஜூலை 1, மெர்டேக்கா அரங்கம்: அமெரிக்கத் தொலைக்காட்சி நேரத்துக்காகக் காலையிலேயே மேடையேறிய முகமது அலியும் ஜோ பக்னரும் நம் ஊர்ப் புழுக்கத்தில் 15 சுற்றும் ஆடி முடித்தார்கள். புள்ளிக்கணக்கில் அலி வென்றார். 2018 ஜூலை 15, புக்கிட் ஜாலில் அக்சியாத்தா அரங்கம்: 39 வயது மேனி பாக்கியாவ், அர்ஜென்டினாவின் லூக்காஸ் மத்திசேயை ஏழாவது சுற்றிலேயே முடித்துவிட்டார். பதிவேட்டில் அது டெக்னிக்கல் நாக்அவுட்.

காப்பார் ஒட்டுக்கடையில் தே தாரிக்கோடு சண்டைக் கதை பேசும் தம்பிமாருக்கு அந்த முன்னொட்டுதான் உறுத்துகிறது. "டெக்னிக்கல்தானே அண்ணே, நாக்அவுட் இல்லையே!" என்பார்கள். அது அரைகுறை வெற்றி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், இந்த விளையாட்டு கடந்து வந்த பாதையே தெரியும்.

வெறுங்கையால் குத்திக்கொண்ட காலத்தில் ஒருவர் விழுந்தால் சுற்று முடியும். சற்று ஓய்வு, மறுபடி சண்டை. 1889இல் ஜான் சல்லிவனும் ஜேக் கில்ரைனும் இப்படி 75 சுற்று மோதினார்கள். கையுறையும் மூன்று நிமிடச் சுற்றும் கேட்ட 1867ஆம் ஆண்டின் குயின்ஸ்பெரி விதிகள்தான் பத்து விநாடிக் கெடுவைக் கொண்டுவந்தன. விழுந்தவர் நடுவர் பத்து எண்ணுவதற்குள் எழாவிட்டால் நாக்அவுட். கணக்கு சுத்தமானது. யாரும் மறுத்துப் பேச முடியாது.

ஆனால் அந்தக் கணக்கு விழுந்தவருக்கு மட்டுமே. விழாமல் நின்றபடி அடி வாங்குபவரை அது காப்பாற்றாது. 1962 மார்ச் 24, நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டன்: எமில் கிரிஃபித்தின் குத்துகள் பென்னி பாரெட்டின் தலையில் மாறி மாறி விழுந்தபோது, மூலையில் சிக்கிய பாரெட் கீழே விழவில்லை. 12ஆம் சுற்றில் நடுவர் நிறுத்தினார். ஆனால் காலம் கடந்திருந்தது. பத்து நாளில் பாரெட் இறந்தார். 1982 நவம்பரில் ரே மான்சினியிடம் 14ஆம் சுற்றில் வீழ்ந்த கொரிய வீரர் கிம் டுக்-கூவும் சில நாளில் உயிரிழந்தார். அதற்குப் பிறகுதான் உலகக் குத்துச்சண்டை மன்றம் தன் பட்டப் போட்டிகளை 15 சுற்றிலிருந்து 12ஆகக் குறைத்தது. மற்ற அமைப்புகளும் பின்னால் வந்தன.

இன்று சண்டையை நிறுத்தும் அதிகாரம் கடிகாரத்திடம் மட்டும் இல்லை. வீரரால் இனித் தற்காத்துக்கொள்ள முடியாது என்று நடுவர் முடிவெடுக்கலாம். வெட்டுக்காயத்தையோ வீங்கிய கண்ணையோ பார்த்து மருத்துவர் போதும் என்று சொல்லலாம். வீரரின் மூலையில் நிற்கும் பயிற்சியாளர் விலக்கிக்கொள்ளலாம். எதிராளியின் குத்துகளால் இப்படி நின்றால், பொதுவாக அது டெக்னிக்கல் நாக்அவுட்தான். விழுந்தவர் உடனே எழுந்துவிட்டாலும் நடுவர் எட்டு வரை எண்ணி, அவர் கண்ணைப் பார்த்த பிறகே தொடரவிடுவார். ஒரு வீரரின் கணக்கை எழுதும்போது இரண்டு வகை வெற்றியும் நாக்அவுட் என்ற ஒரே பத்தியில்தான் சேர்கின்றன.

மத்திசே மூன்றாம் சுற்றில் விழுந்தார், ஐந்தில் முழங்காலிட்டார், ஏழில் மறுபடி சாய்ந்து பல்காப்பைத் துப்பினார். நடுவர் கென்னி பேய்லெஸ் கைகளை அசைத்து முடித்துவைத்தார். அந்த வெற்றியில் எந்தக் குறையும் இல்லை. 2009இல் மிகுவேல் கோட்டோவை வென்ற பிறகு அன்றுவரை பாக்கியாவ் யாரையும் இப்படி நிறுத்தியதே இல்லை. கோட்டோவிடம் பெற்றதும் டெக்னிக்கல் நாக்அவுட்தான்.

கோலாலம்பூரில் பக்னரை வென்ற மூன்றே மாதத்தில், 1975 அக்டோபர் 1 அன்று, அலி மணிலாவில் ஜோ ஃபிரேசியரைச் சந்தித்தார். 14 சுற்று முடிந்தபோது ஃபிரேசியருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. கடைசிச் சுற்றுக்கும் போகிறேன் என்று அடம்பிடித்தார். பயிற்சியாளர் எடி ஃபட்ச் விடவில்லை. பட்ட வாய்ப்பு கைநழுவியது; ஃபிரேசியர் அதற்குப் பிறகு 36 ஆண்டுகள் வாழ்ந்தார்.

கிள்ளானிலோ காப்பாரிலோ பிள்ளைகளுக்குக் கையுறை மாட்டிவிடும் மாஸ்டர்கள் அலியின் கால் ஆட்டத்தைக் கற்பிப்பதோடு ஃபட்ச்சின் முடிவையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அடி வாங்கிய பிள்ளை "இன்னும் ஒரு ரவுண்டு, மாஸ்டர்" என்றுதான் கேட்பான். வீரம் அவனை அப்படித்தான் பேசவைக்கும். வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பு பெரியவர்களுடையது. அந்தப் பொறுப்பை விதியாகவே எழுதிவைத்ததுதான் டெக்னிக்கல் நாக்அவுட். குத்துச்சண்டை இத்தனை ஆண்டுகளில் கற்றுக்கொண்டவற்றில் அதைவிடப் பெரியது வேறு இல்லை.