நெஞ்சுத் தையலும் நீங்காத வலியும்

நுரையீரல் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். வெளிக்காயம் ஆறியிருக்கும். ஆனாலும் அத்தா விலாவைப் பிடித்துக்கொண்டு, "உள்ளே எரியுது" என்பார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றதும், "வயசாச்சு, எல்லாம் மனசுதான்" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறோம். அந்த வலி நிஜமானது. அதற்குக் காரணம் பல நேரங்களில் ஒரு நரம்பு.

இந்த ஆபரேஷனைத் திறந்து செய்யும்போது, இரு விலா எலும்புகளுக்கு நடுவே அறுத்து, அவற்றைக் கருவியால் விரித்து உள்ளே போகிறார்கள். ஒவ்வொரு விலாவின் கீழ் ஓரத்தை ஒட்டியும் ரத்தக் குழாய்களோடு ஒரு நரம்பு ஓடுகிறது. விரிக்கும்போதே அது நசுங்கக்கூடும்.

மூடும்போதும் ஆபத்து உண்டு. வழக்கமான முறையில், மேல் விலாவையும் கீழ் விலாவையும் சேர்த்துத் தடித்த நூலால் சுற்றி இறுக்குவார்கள், விறகுக் கட்டுக்குக் கயிறு போடுவது மாதிரி. கீழ் விலாவின் அடியிலுள்ள நரம்பும் அந்தக் கட்டுக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. அப்புறம் வலி தையலோடு நிற்பதில்லை. முதுகிலிருந்து மார்பின் முன்பக்கம் வரை பட்டையாக எரியும், மரத்துப்போகும், சிலருக்குச் சட்டை உரசினாலே தாங்காது.

அமெரிக்காவில், பர்மிங்ஹாமிலுள்ள அலபாமா பல்கலைக்கழகத்தின் டாக்டர் ராபர்ட் செர்ஃபோலியோ குழுவினர் இதற்கொரு மாற்றைச் சோதித்து 2003இல் வெளியிட்டார்கள். கீழ் விலாவில் சிறு துளைகள் போட்டு, நூலை எலும்பின் ஊடாகவே கோத்துக் கட்டுவது. நரம்பு கட்டுக்கு வெளியே தப்பிக்கிறது. சுற்றிக் கட்டப்பட்டவர்களைவிட இவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. வலியே இராது என்பதல்ல. விரிக்கும்போது பட்ட அடி இருக்கத்தான் செய்யும்.

பைபாஸ் ஆபரேஷன் வேறு. அங்கே பெரும்பாலும் நடு மார்பெலும்பைப் பிளந்து, எஃகுக் கம்பியால் கட்டுகிறார்கள்.

வலிக்குப் பயந்து இருமாமல், மூச்சை ஆழமாக இழுக்காமல் இருந்தால் சளி தேங்கி நிமோனியா வரலாம். ஆகவே பொறுத்துக்கொள்ளச் சொல்வது நோயாளிக்குச் செய்யும் உதவியல்ல. ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள்: விலாவை எப்படி மூடுவீர்கள்? நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி உண்டா? விலாவை விரிக்காமல், சிறு துளை வழியாகச் செய்ய முடியுமா? இரண்டு மாதம் தாண்டியும் எரிச்சல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். நரம்பு வலிக்குரிய மருந்துகள் வேறு. சாதாரண வலி மாத்திரை அதற்குப் பெரும்பாலும் போதாது.