உஷார்! தொட்டிலுக்குள் அலங்காரம் வேண்டாம்

பெண் குழந்தை பிறந்த செய்தி வந்ததும் பல வீடுகளில் இப்போது முதலில் கூப்பிடுவது பெயின்டரைத்தான். மருமகள் தாய் வீட்டில் இருக்கிறாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு வந்து இறங்கப் போகிறாள். அதற்குள் ஓர் அறை ரோஸ் கலருக்கு மாறிவிட வேண்டும். தொட்டிலுக்கு மேல் நெட் துணியில் ஒரு பந்தல், அதைச் சுற்றி சீரியல் லைட், நாலு பக்கமும் கொசுவம் வைத்த மெத்தைத் தடுப்பு, உள்ளே முயல் பொம்மை, கரடி பொம்மை, இதய வடிவத் தலையணை. போனில் ஒரு படத்தைக் காட்டி "இதே மாதிரி வேணும்" என்றால் செய்து கொடுக்க ஆள் கிடைக்கிறது.

பெண் பிறந்ததை ஒரு வீடு இவ்வளவு ஆசையாகக் கொண்டாடுவது நல்ல விஷயம். கொண்டாடுங்கள். ஆனால் அந்தப் படத்தில் இருக்கும் பொருள்களில் பாதி, தூங்கும் குழந்தையின் பக்கத்தில் இருக்கவே கூடாதவை. பெண் குழந்தையின் அறை என்றாலே நெட், நாடா, ரிப்பன், மணி, லைட் எல்லாம் ஒரு சுற்று கூடுதலாக வந்து சேர்கின்றன. அதோடு ஐந்தாம் மாதம் என்பது குழந்தை குப்புற விழுந்து, கைக்கு அகப்பட்டதையெல்லாம் பிடித்து இழுத்து, வாய்க்குக் கொண்டுபோகிற மாதம். சரியாக அந்த நேரத்தில்தான் அவளைக் கொண்டுவந்து இதற்குள் படுக்க வைக்கிறோம்.

முதலில் மெத்தை. குழந்தை பார்க்க வருகிறவர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் அந்த செட்டை வாங்கி வருவார்: ஜிப் வைத்த கொசுவலை, பஞ்சு மெத்தை, தலைக்கு ஒரு குட்டித் தலையணை, இரண்டு பக்கமும் அணைத்து வைக்க உருண்டைத் தலையணைகள். தலை உருண்டையாக வரட்டும் என்று கடுகுத் தலையணை வேறு. இவற்றில் மெத்தையும் வலையும் போதும், அதுவும் மெத்தை அமுங்காமல் கெட்டியாக இருந்தால். மற்றதை எடுத்து பீரோ மேல் வையுங்கள். சின்னக் குழந்தையின் முகம் தலையணையிலோ மெத்தைத் தடுப்பிலோ புதைந்தால் திருப்பிக்கொள்ள அதற்குத் தெரியாது, கழுத்தில் அந்தப் பலமும் இருக்காது. தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். அழுகைச் சத்தமே கேட்காது. அடுத்த அறையில் இருக்கிறவருக்கு எதுவும் தெரியாது.

இது மிகைப்படுத்திச் சொல்வது இல்லை. தொட்டிலைச் சுற்றிக் கட்டும் அந்த மெத்தைத் தடுப்பில் முகம் புதைந்து குழந்தைகள் இறந்ததால்தான் அமெரிக்காவில் 2022-ல் சட்டம் போட்டு அதன் தயாரிப்பையும் விற்பனையையும் நிறுத்தினார்கள். நம் கடைகளில் அதே பொருள் பூப்போட்ட துணியில் தொங்குகிறது. குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று அங்கே 1994-ல் தொடங்கிய பிரசாரத்துக்குப் பிறகு, தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் சிசு மரணங்கள் பத்தாண்டில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. குழந்தை மருத்துவர்கள் சொல்வது இவ்வளவுதான்: கெட்டியான, சமமான படுக்கை, இழுத்துச் செருகிய ஒரு விரிப்பு, குழந்தை மல்லாக்க, முதல் ஒரு வருடம் உள்ளே வேறு எதுவும் கிடையாது.

இந்த இடத்தில் பாட்டி குறுக்கே வருவார். "மல்லாக்கப் போட்டா பால் எதுக்களிச்சுப் புரையேறிடும்டி." அவர் பயம் நியாயமானது, பதிலும் இருக்கிறது. மல்லாக்கப் படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் அமைகிறது. எதுக்களித்த பால் மூச்சுக்குழாய்க்குள் போக மேலே ஏற வேண்டும். குப்புறப் படுத்தால் தலைகீழாகிவிடும், பால் மூச்சுக்குழாய்ப் பக்கமாகவே இறங்கும். குழந்தை நல மருத்துவரின் வாயாலேயே பாட்டிக்கு இதைச் சொல்ல வையுங்கள், கேட்டுக்கொள்வார்.

அடுத்தது தொங்குவதெல்லாம். ஒரு சாண் நீளத்துக்கு மேல் உள்ள எந்தக் கயிறும், நாடாவும், ரிப்பனும், வயரும் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. நெட் பந்தலின் ஓரம், ஜன்னல் திரையின் இழுகயிறு, லைட்டின் வயர் எல்லாம் இதில் அடக்கம். தொட்டிலை ஜன்னலை விட்டுத் தள்ளிப் போடுங்கள். தலைக்கு மேல் சுற்றும் பொம்மை ராட்டினத்தை ஐந்து மாதம் ஆனதும், அதற்கு முன்பே குழந்தை கையூன்றி எழ ஆரம்பித்தால் அப்போதே, கழற்றிவிடுங்கள். நம் தூளிக்கும் ஒரு வார்த்தை. குழந்தை உள்ளே இல்லாத நேரத்தில் சேலையை அவிழ்த்து வையுங்கள். அதை ஊஞ்சலாக்கி விளையாடிய அக்காவோ அண்ணனோ கழுத்து முறுக்கிக்கொண்டு இறந்த செய்தி நம் நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது.

சீரியல் லைட், பாடும் பொம்மை, கலர் மாறும் நைட் லேம்ப், அதன் ரிமோட். இவற்றைப் புரட்டிப் பாருங்கள். பலவற்றில் பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் சிறிதாக, பளபளவென்று ஒரு வட்ட பேட்டரி இருக்கும். மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியதா, நகத்தால் தள்ளினாலே திறக்கிறதா? திறந்தால் அந்தப் பொருள் அந்த அறைக்குள் இருக்கவே கூடாது. விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், எச்சிலின் ஈரத்தில் மின்சாரம் ஓடி, இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். தீர்ந்துபோன பேட்டரியும் இதைச் செய்யும். குழந்தை எச்சில் வடிக்கும், பால் குடிக்க மறுக்கும், இருமும். சளி என்றே தோன்றும். சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். பேட்டரியாக இருக்கலாம் என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், ஏனென்றால் எக்ஸ்ரேயில் அது நாணயம் போலவும் தெரியும்.

இப்போது சுவர். புது பெயின்ட் வாடை போகட்டும் என்று எல்லோரும் ஜன்னலைத் திறந்து வைக்கிறார்கள், நல்லது. ஆனால் பெரிய ஆபத்து புதுப் பூச்சுக்கு அடியில் இருக்கிறது. வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த எனாமல் பெயின்டில், முக்கியமாகப் பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சையில், ஈயம் இருந்திருக்கலாம். கதவு, ஜன்னல் கம்பி, பாட்டி வீட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த மரத் தொட்டில், எல்லாமே இதில் சேரும். பெயின்டர் உப்புத்தாள் வைத்து வறட்டு வறட்டென்று தேய்க்கும்போது பறக்கிற தூசி தரையில் படிகிறது. தவழும் குழந்தை அந்தத் தரையில் கை வைத்து, அந்தக் கையை வாயில் வைக்கிறது.

உள்ளே போன ஈயத்தைப் பெரியவர்களைப்போல் நாலைந்து மடங்கு குழந்தையின் உடல் உறிஞ்சுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. வளரும் மூளையைத்தான் அது தாக்கும். காய்ச்சல், வாந்தி எதுவும் இல்லாமல், பள்ளியில் படிப்பு ஏறவில்லை என்கிற வடிவத்தில் பல வருடம் கழித்துத் தெரியவரும். ஆகவே பழைய பெயின்டைச் சுரண்டும் வேலை இருந்தால், தாயும் குழந்தையும் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கக் கூடாது. கர்ப்பிணியும் கூடாது, ஈயம் தொப்புள்கொடி வழியாகவும் போகும். தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் இரண்டு மூன்று முறை துடையுங்கள். பாட்டியின் தொட்டிலில் பெயின்ட் உரிந்திருந்தால் அது கூடத்தில் காட்சிக்கு இருக்கட்டும். குழந்தைக்கு அது வேண்டாம்.

நான் அதிகம் பயப்படுவது இன்னொன்றுக்கு: அந்துருண்டை. தூளிக்கு மெத்தென்று இருக்கும் என்று பீரோவில் பல வருடம் மடித்து வைத்த பட்டோ நூல் சேலையோ எடுக்கிறோம். அலமாரியில் புது கவுன்களுக்கு நடுவே பூச்சி வராமல் இரண்டு உருண்டை போடுகிறோம். அந்த வாடைதான் நாப்தலீன். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, அந்த வாடை பட்ட துணியைச் சுற்றினாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடையலாம், மஞ்சள் காமாலை முற்றி மூளை வரை பாதிக்கலாம். இந்தக் குறைபாடு ஆண் குழந்தைகளிடம் அதிகம் என்றாலும் பெண் குழந்தைகளுக்கும் வருகிறது. பரிசோதனை செய்யாமல் யாருக்கு இருக்கிறது என்று தெரியாது. குழந்தை இருக்கும் வீட்டில் அந்துருண்டையே வேண்டாம். கண்ணோ உடம்போ மஞ்சளானால், சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போனால், அன்றைக்கே மருத்துவமனை.

சளிக்கு நல்லது என்று தொட்டிலில் முடிந்து தொங்கவிடும் கற்பூரமும் ஆகாது. கொஞ்சம் வாய்க்குள் போனாலே வலிப்பு வரும். தலை காயச் சாம்பிராணி போடுவதையும் நிறுத்துங்கள், அந்தப் புகை முழுக்க அவள் நெஞ்சுக்குத்தான் போகிறது. கண்ணுக்கு மை வேண்டவே வேண்டாம், அதிலும் ஈயம் இருக்கக்கூடும். ஹேர் பேண்ட், முத்து மாலை, ஊக்கில் கோத்த திருஷ்டி மணி எல்லாவற்றையும் போட்டோ எடுத்ததும் கழற்றிவிடுங்கள், தூங்கும்போது உடம்பில் இருக்கவே கூடாது.

உடுப்பு வைக்கும் இழுப்பறைப் பெட்டியைச் சுவரோடு சேர்த்து ஸ்க்ரூ பண்ணச் சொல்லுங்கள். குழந்தை எழுந்து நிற்க ஆரம்பித்ததும் இழுப்பறையைப் படியாக நினைத்து ஏறும், பெட்டி மேலே கவிழும். இப்படி நடந்த மரணங்களுக்குப் பிறகு ஐகியா 2016-ல் அமெரிக்காவில் மட்டும் 2.9 கோடி பெட்டிகளைத் திரும்பப் பெற நேர்ந்தது.

சுவரில் என்ன வேண்டுமானாலும் வரையுங்கள். மயில், யானை, நிலா, அவள் பெயர், எதுவானாலும் அவள் கைக்கு எட்டாத உயரத்தில், பிய்த்துக்கொண்டு விழாதபடி இருக்கட்டும். குழந்தை பார்க்கப் போகிறவர்களும் தலையணை செட்டுக்குப் பதில் மெத்தைக்குச் சரியாகப் பொருந்தும் இரண்டு பருத்தி விரிப்பு வாங்கிப் போங்கள். பெயர் சூட்டும் விழாவுக்குப் பலூன் கட்டினால், அன்று ராத்திரி விருந்தாளிகள் போனதும் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். உடைந்த ரப்பர்த் துண்டு குழந்தையின் தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டால் விரலால் எடுப்பது மிகவும் கஷ்டம். கட்டிலுக்கு அடியிலும் மெத்தை இடுக்கிலும் கைவிட்டுத் தேடி, துண்டு ஒன்றுகூட இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு குழந்தையை அங்கே படுக்க வையுங்கள்.