சுமைதாங்கிக் கற்களும் சாலை மறந்த மாந்தரும்

போக்குவரத்து வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வண்டியைப் பற்றி எழுதுவர். பாதையைப் பற்றி எழுதுவர். பாதையை வகுத்த பொறியாளரையும் அதனைத் திறந்துவைத்த ஆளுநரையும் பெயர் சொல்லிப் போற்றுவர். 1837இல் செங்குன்றத்துப் பகுதியில் கல் ஏற்றுவதற்கென இருப்புப் பாதை அமைந்ததும், 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கிப் புகைவண்டி புறப்பட்டதும் நூல்களில் காணக்கிடைக்கின்றன. அப்பாதைக்கு மண் சுமந்தவர் யார், சரளைக் கல் உடைத்தவர் யார் என்னும் வினாவுக்கு அந்நூல்களில் இடமில்லை. வரலாற்றில் இடம்பெறாதவர்க்குச் சிலையிலும் இடம் கிடைப்பதில்லை. சென்னைத் தீவுத்திடலை ஒட்டி 1839 முதல் குதிரைமேல் அமர்ந்திருக்கும் சர் தாமஸ் மன்றோவை நாம் அறிவோம். அங்கவடி இல்லாத குதிரை என்று அச்சிலையைக் குறித்து இன்றளவும் பேசுகிறோம். ஆனால் அக்குதிரைக்குப் புல் சுமந்தவனுக்கு ஊரில் ஒரு கல்லும் இல்லை.

இந்நிலை தமிழகத்தில் எப்போதும் இப்படியே இருந்ததா என எண்ணிப் பார்த்தல் வேண்டும். கல் நட்டு நினைவு போற்றும் மரபு நமக்குப் புதிதன்று. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல் என அதன் படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் இம்மரபின் தொன்மைக்குச் சான்று பகர்கின்றன. எடுத்தனூரில் கள்வரோடு பொருத ஒரு நாய்க்குக்கூட நடுகல்லில் இடம் கிடைத்தது. அரசலாபுரத்தில் ஒரு சேவலுக்குக் கிடைத்தது. ஆயினும் நடுகல் பெரும்பாலும் போரிட்டு வீழ்ந்தோர்க்கே உரியதாயிற்று. உப்பு வண்டிகளை மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டிச் சென்ற உமணரைச் சங்கப் புலவர்கள் பாடினர். வண்டியின் அச்சு முறிந்தால் மாற்றுதற்கென அவர்கள் சேம அச்சு ஒன்றைக் கீழே கட்டிச் சென்ற செய்தியைப் புறநானூறு வழி அறிகிறோம். அவர்கள் பாட்டில் வாழ்கின்றனரேயன்றிக் கல்லில் வாழவில்லை.

உமணருக்கும் தலைச்சுமைக்காரருக்கும் கல் நட்டவர்கள் பிற்காலத்து ஊர் மக்களே. அக்கல்லுக்குச் சுமைதாங்கி என்று பெயர்.

இன்றைய மாணவருள் பலர் இதனைக் கண்டிருக்க மாட்டார். கண்டிருப்பினும் என்னவென்று அறிந்திருக்க மாட்டார். எனவே சற்று விரித்துரைப்பது பொருந்தும். நிலத்தில் நட்ட இரு கருங்கல் தூண்களும், அவற்றின்மேல் குறுக்காகக் கிடத்திய ஒரு பலகைக்கல்லும் சேர்ந்ததே சுமைதாங்கி. அதன் உயரம் நின்ற நிலையில் உள்ள ஆளின் தோள் அளவுக்குச் சற்றேறக்குறைய இருக்கும். அந்த அளவில்தான் அதன் நுட்பம் அடங்கியிருக்கிறது. தலையில் சும்மாடு வைத்து மூட்டை சுமந்து வருபவர் தனியாளாக அதனைத் தரையில் இறக்கிவிடலாம். மீண்டும் தலைக்கு ஏற்றுவதற்கோ இன்னொருவர் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும். ஆளரவமற்ற நெடுவழியில் அந்த இன்னொருவருக்கு எங்கே போவது? சுமைதாங்கியின் அருகே வந்து நின்றால் குனியாமல் தலைச்சுமையைப் பலகைக்கல்லின்மேல் நகர்த்திவிடலாம். களைப்பு ஆறியபின் அதேபோல் தலைக்கு நகர்த்திக்கொண்டு புறப்படலாம். எவர் கையையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. பானை சுமந்த குயவர், விறகு சுமந்த பெண்டிர், மீன்கூடை, உப்பு மூட்டை, கீரைக்கட்டு எனச் சந்தைக்குச் சென்ற அனைவருக்கும் அது பயன்பட்டது. கிணறோ குளமோ நிழல்மரமோ உள்ள இடமாகப் பார்த்தே அதனை நட்டனர். மாடுகள் உராய்ந்து தினவு தீர்த்துக்கொள்ள நட்ட ஆவுரிஞ்சு தறி முப்பத்திரண்டு அறங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டதும் ஈண்டு நினைக்கத்தக்கது. யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களிலும் மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல் ஆகியவை ஒருசேர அமைந்திருந்தன. சிலவற்றை இன்றும் காணலாம்.

இனி, இக்கல் ஏன் நடப்பட்டது என்பதே உள்ளத்தை உருக்கும் செய்தி. கருவுற்ற நிலையில் மகப்பேற்றுக்கு முன்னரே இறந்துபோன பெண்ணின் நினைவாகவே சுமைதாங்கியை நடுவது வழக்கமாக இருந்தது. வயிற்றுச் சுமையை இறக்கி வைக்காமலே போனாள். வழிச்செல்வோர் தம் சுமையை இக்கல்லில் இறக்கி வைக்குந்தோறும் அவள் சுமை இறங்கும் என்பது உறவினர் நம்பிக்கை. நட்டவர் பெயரும் ஆண்டும் பொறித்த கற்களும் உண்டு. எழுத்தில்லாக் கற்களே மிகுதி. ஆகவே ஒரு கல் இரு திறத்தாரை நினைவுகூர்கிறது: இறந்துபோன பெண் ஒருத்தி, வழியில் வரும் சுமைகாரர் எத்துணையோ பேர். இருவரையும் வரலாறு எழுதவில்லை. உலக நாடுகளில் உழைப்போருக்கு எழுப்பப்பட்ட சின்னங்கள் பலவாயினும், நினைவுச் சின்னமே உழைப்பவனின் பாரத்தைத் தாங்கி நிற்கும் அமைப்பு அரிதினும் அரிது என்பது என் துணிபு.

இம்மரபின் தடம் நம் ஊர்ப்பெயர்களிலும் பதிந்துள்ளது. சென்னையிலிருந்து பூந்தமல்லி, செம்பரம்பாக்கம், திருப்பெரும்புதூர் வழியாக மேற்கே செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையில், இராணிப்பேட்டை மாவட்டத்துக் காவேரிப்பாக்கத்தை அடுத்துச் சுமைதாங்கி என்றே ஓர் ஊர் இருக்கிறது. பேருந்தில் நடத்துநர் அப்பெயரைக் கூவக் கேட்டு இறங்குவோருள் எத்தனை பேர் அதன் பொருளை எண்ணுகின்றனர் என்பது வேறு செய்தி.

இருபதாம் நூற்றாண்டில் உழைப்பாளிக்கு உருவச் சிலை எழுப்பிய பெருமை சென்னைக்கு உண்டு. சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக விளங்கிய தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் மெரினாவில் நிறுவப்பெற்றது. 1923இல் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடிய கடற்கரை அது. நால்வர் பாறை ஒன்றைப் பெயர்க்கும் காட்சி. நால்வரில் எவருக்கும் பெயரில்லை. அப்பள்ளியின் இரவுக் காவலர் ஒருவரும் மாணவர் ஒருவரும் மாதிரியாக நின்றனர் என்பர். பெயரற்றவர்களைப் பெயரற்றவர்களாகவே காட்டியதில் சிற்பியின் நேர்மை புலனாகிறது.

கடல்வழிப் போக்குவரத்திலும் இத்தகைய மறதி உண்டு. 1906இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவினார். அப்பெருமகனுக்குத் தமிழகமெங்கும் சிலைகள் உள்ளன, அது தகும். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் கொண்டு பத்து இலட்சம் திரட்ட முனைந்த அச்சங்கத்தில், 8,000 பங்குகளை இரண்டு இலட்சம் ரூபாய்க்கு ஒருவராகவே ஏற்றவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். காலியா, லாவோ என்னும் கப்பல்களை அறிந்த மாணவர் அவர் பெயரை அறிந்திருப்பதில்லை. பாடநூலில் ஒரு வரியேனும் அவர்க்கு உரியது.

மறக்கப்பட்டோருள் மிகப் பெரிய கூட்டம் சயாம் மரண இரயில்பாதைத் தமிழர்கள். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் பாதையை 1942, 43 ஆகிய ஆண்டுகளில் ஜப்பானியப் படை அமைத்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 12,000 பேர் அதில் மாண்டனர். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. பெரும்பாலான கற்களில் பெயருண்டு. மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர் மாண்டது அதனினும் பன்மடங்கு. ஏறத்தாழ 90,000 பேர் என்று மதிப்பிடுவர். காடும் காலராவும் அவர்களை விழுங்கின. எண்பது ஆண்டுகள் கழித்து, 2023ஆம் ஆண்டு மே மாதம், தமிழக அரசின் நிதியுதவியோடு காஞ்சனபுரியில் அத்தமிழர்க்கென நடுகல் ஒன்று நிறுவப்பட்டது. போர்வீரனுக்குரிய நடுகல் கூலியாளுக்கு உரியதாயிற்று! தொல்காப்பியம் கற்பிக்கும் ஆசிரியர்கள் வகுப்பில் இச்செய்தியைச் சொல்லாமல் நடுகல் பற்றிய பாடத்தை முடிக்கலாகாது.

உருவச் சிலை நாட்டுவதில் நம் பெரியோர்க்கு உள்ள தயக்கம் யாவரும் அறிந்ததே. அதனை நான் குறைகூற மாட்டேன். அத்தயக்கம் நன்றி மறத்தற்குக் காரணமாக வேண்டியதில்லை என்பதே நான் வற்புறுத்துவது. சுமைதாங்கியில் முகமில்லை, வழிபாட்டுக்குரிய வடிவமில்லை. எச்சமயத்தாரும் தம் மூட்டையை அதன்மேல் வைத்தனர். சாதி பார்த்து அக்கல் சுமை தாங்கியதில்லை.

செம்பரம்பாக்கத்துக்கு வருவோம். 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடைய ஏரியைக் கொண்டே இவ்வூரை உலகம் அறிகிறது; 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நாடெங்கும் பேசப்பட்டது. ஆனால் இவ்வூர் நெடுவழியின் ஊருமாகும். ஆர்க்காட்டுக்கும் சென்னைக்கும் இடையே கட்டை வண்டியும் பல்லக்கும் தலைச்சுமையும் சென்ற வழி இது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கியது முதல் ஒரகடம் வரை சிற்றூர்கள் தொழிற்பேட்டைகளாயின. கார்களை அடுக்கிச் செல்லும் நீண்ட வண்டிகளும் கொள்கலன் லாரிகளும் இரவு பகலாகச் செல்கின்றன. சாலை நால்வழியாகவும் ஆறுவழியாகவும் விரியுந்தோறும் ஓரத்துக் கற்கள் முதலில் பெயர்க்கப்படுகின்றன. எழுத்துள்ள கல்லையேனும் தொல்லியல் ஆர்வலர் எவரேனும் காப்பர். எழுத்தில்லாக் கல் சரளையோடு சரளையாகிவிடும். முற்காலத்தார் வெறுங்கையுடன் செய்த அறத்தை, இயந்திரம் மிகுந்த நாம் செய்யவில்லை என்பதும் உண்மை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளரும், பல நாள் வண்டி ஓட்டிக் களைத்த ஓட்டுநரும் சாலையோரத்தில் வண்டியின் நிழலிலேயே கிடந்து உறங்குகின்றனர்.

ஆகவே, தொழிற்பேட்டைச் சாலையில் இனி நினைவுச் சின்னம் எழுப்ப எண்ணும் எவரும் வெண்கல உருவத்தை நாடுமுன் சுமைதாங்கியை எண்ணிப் பார்த்தல் நலம். பெயர்த்தெடுத்த பழங்கல் ஒன்றை ஏரிக்கரை அருகே நிழல்மரத்தடியில் மீண்டும் நிறுத்தி, குடிநீர்க் குழாயும் ஓட்டுநர் படுத்துறங்க ஒரு மண்டபமும் சேர்த்தால் போதும். செலவு மிகுதியன்று.

அதற்கு முன் செய்யவேண்டிய பணி தமிழ்த்துறை மாணவருடையது. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அளவுநாடாவும் குறிப்பேடும் கொண்டு செல்க. கல்லின் உயரம், அகலம், அது நிற்கும் திசை, அருகில் உள்ள கிணறு அல்லது மரம், எழுத்திருப்பின் எழுத்து ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. ஊர் முதியவரிடம், குறிப்பாக மூதாட்டியரிடம், அக்கல் எந்தப் பெண்ணின் நினைவாக நடப்பட்டது என்று கேட்க. பெயர் தெரிந்தால் அப்பெயரை முதலில் எழுதுக.