நிழலை விரும்பும் நீர்ச்செடிகள்

கண்டி நகரம் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்தது. மேகம் கவிந்து மழை பொழியும் நாட்கள் அங்கே மிகப் பல. இத்தகைய ஊரில், வீட்டின் உள்ளறையில் வைத்த சிறிய மீன்தொட்டிக்கு வேண்டிய அளவு வெளிச்சம் கிடைப்பது அரிது. கண்ணைக் கவரும் செந்நிற இலைச் செடிகளை வாங்கி நட்டவர்கள், சில வாரங்களில் அவை வெளிறி அழுகக் கண்டு, தம் தொட்டியில் செடியே வளராது என்று முடிவு செய்துவிடுகின்றனர். உண்மையில் குறை தொட்டியில் இல்லை. செடியைத் தெரிந்தெடுத்த முறையிலேயே உள்ளது.

செடிகள் ஒளியின் துணைகொண்டே தமக்கு வேண்டிய உணவை ஆக்குகின்றன. செந்நிறச் செடிகளும் விரைந்து வளரும் நுண்ணிலைச் செடிகளும் மிகுந்த ஒளியை வேண்டுவன. காட்டு மரங்களின் நிழலில் ஓடும் நீரோடைகளிலே பிறந்த செடிகளோ குறைந்த ஒளியில் வாழப் பழகியவை. அத்தகைய செடிகளைக் கண்டிவாசிகள் தொலைவில் தேடவேண்டியதில்லை.

சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த கிரிப்டோகொரைன் என்னும் நீர்ச்செடிகளுட் பல இலங்கையின் ஈரவலய ஓடைகளுக்குரியவை. வென்டி, பெக்கெட்டி, வாக்கரி, பார்வா முதலிய இனங்களுக்கு இத்தீவே தாயகம். தென்னிந்திய நாட்டுமருந்துக் கடைகளில் நாட்டதிவிடயம் என விற்கப்படுவதும் இவற்றின் உறவுச் செடியொன்றின் கிழங்கேயாகும்.

இச்செடிகளின் வரலாற்றில் பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்கும் இடமுண்டு. 1821ஆம் ஆண்டில் தோன்றிய அப்பூங்காவை 1849 முதல் 1880 வரை நடத்திய துவெயிற்சின் பெயரை ஓர் இனம் தாங்கி நிற்கிறது. அவருக்குப் பின் வந்த திரைமன் 1885இல் பெக்கெட்டி இனத்தை விவரித்து வெளியிட்டார். இன்று உலகெங்கும் மீன்தொட்டிகளில் வளரும் வென்டி இனத்துக்கு 1958இல் டி விட் என்னும் ஒல்லாந்து அறிஞர் பெயரிட்டார்.

சிறு தொட்டிக்கு இவற்றுள் எது ஏற்றது? வென்டியின் குட்டையான வகைகளும் பெக்கெட்டியும் தொட்டியின் நடுவிலும் பின்புறத்திலும் நடத் தக்கவை. பார்வா மிகச் சிறியது. முன்புறத்துக்கு அழகு தருவது. ஆயினும் அது தன் உறவினங்களைவிடச் சற்றுக் கூடுதலான ஒளியை வேண்டும். ஆதலின் விளக்கின் நேர்கீழே அதனை நடுதல் நன்று. பிறநாட்டுச் செடிகளுள் ஜாவாப் பன்னமும் மேற்கு ஆபிரிக்காவின் அனுபியாசும் மங்கலான ஒளியைத் தாங்கும். அவற்றின் கிழங்கை மணலில் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டிவைத்தல் வேண்டும்.

கிரிப்டோகொரைன் பெரும்பாலும் வேர்வழியே உணவு கொள்வது. ஆகவே கழுவிய ஆற்றுமணலை இரண்டு அங்குல உயரத்துக்கு இட்டு, குருத்து மண்ணில் மூடாதபடி நடவேண்டும். நாள்தோறும் ஏழெட்டு மணி நேர விளக்கொளி போதும். யன்னலோரத்து நேர் வெயில் செடியைக் காட்டிலும் பச்சைப் பாசியையே வளர்க்கும்.

புதிதாக நட்ட சில நாட்களில் இதன் இலைகள் கரைந்து போவதுண்டு. செடி இறந்ததென எண்ணிப் பலர் அதைப் பிடுங்கி எறிந்துவிடுகின்றனர். நீரும் இடமும் மாறியதால் நேரும் தளர்ச்சியே அது. வேர்த்தண்டு உறுதியாக இருக்குமாயின், அசைக்காது விட்டால் சில வாரங்களில் புதுத் தளிர் தோன்றும். அடிக்கடி இடம் மாற்றுவதே இச்செடிக்குப் பெரும் பகை.

இறுதியாக ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். ஓடைக் கரையில் காண்பதை வேரோடு பிடுங்கி வந்தால் செலவில்லையே என்று சிலர் நினைக்கக்கூடும். இவ்வினங்களுட் சில, விரல்விட்டு எண்ணத்தக்க ஓடைகளிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. அவ்விடத்தில் அழிந்தால் அழிந்ததுதான். வளர்ப்பகங்களில் பெருக்கிய கன்றுகளை வாங்குவதே முறை. ஒரு கன்று நன்கு வேரூன்றினால் பக்கக் கன்றுகளைத் தானே ஈனும். அவற்றை அயலவருடன் பகிர்ந்துகொள்ளலாம்.

மிகுந்துபோன செடிகளை வாய்க்காலில் எறிவதும் தவறு. 1939இல் கல்வித் தேவைக்காகக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்ட சல்வீனியா, பின்னர் நாட்டின் வயல்களையும் குளங்களையும் மூடிப் பெருந்தொல்லை விளைத்தது. இலங்கையின் பெக்கெட்டியும், மீன்தொட்டியிலிருந்து வெளியேறி, 1990களில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துச் சான் மார்க்கோஸ் ஆற்றில் களையாகப் பரவியது. ஓரிடத்தில் காக்கவேண்டிய செல்வம் மற்றோரிடத்தில் கேடாக முடிகிறது. ஆதலின் வேண்டாத செடிகளை உலர்த்தி உரக்குழியில் இடுவதே தக்கது. ஓடையின் செடி ஓடையிலும், தொட்டியின் செடி தொட்டியிலும் வாழ்வதே இரண்டுக்கும் நலமாகும்.