செப்டிக் டாங்க்: கட்டிய பின் கவனிக்க வேண்டியவை

நம் கிராமங்களில் கிணறு தூர் வாருவதற்கு ஒரு பருவம் உண்டு. கூரை வேய்வதற்கும், வரப்பு வெட்டுவதற்கும், வாய்க்கால் செப்பனிடுவதற்கும் காலம் குறித்திருக்கிறோம். ஆனால் வீட்டின் பின்புறத்தில் மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் செப்டிக் டாங்குக்கு அப்படியொரு காலத்தைப் பெரும்பாலோர் குறித்து வைப்பதில்லை. கழிப்பிடத்தில் நீர் இறங்க மறுத்து, கொல்லையெங்கும் நாற்றம் பரவிய பிறகே அதன் நினைவு வருகிறது. அந்த அவசரத்தில்தான் தவறான ஆளும், தவறான முறையும், சில சமயம் உயிர்ச்சேதமும் வந்து சேர்கின்றன. ஆகவே, தொட்டியை எப்போது, எவ்வாறு, என்ன செலவில் சுத்தம் செய்வது என்பதை வீட்டுக்குடையவர் முன்கூட்டியே வகுத்துக்கொள்ளுதல் அவசியம்.

தொட்டிக்குள் நடப்பது என்ன? வீட்டிலிருந்து வரும் மலநீர் அதில் ஒரு நாள் அல்லது அதற்கு மேலும் தங்குகிறது. கனமானவை அடியில் படிகின்றன; எண்ணெய்ப் பசையும் இலேசானவையும் மேலே ஆடைபோல் மிதக்கின்றன. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அடிக்கசடில் ஒரு பகுதியைத் தின்று கரைக்கின்றன. ஒரு பகுதியைத்தான் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மீதி சகதியாகி ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போகும். சகதி ஏற ஏற, நீர் தங்கும் இடம் குறையும். தெளியாத மலநீர் அப்படியே வெளியேறி உறிஞ்சு குழியை அடைத்துவிடும்.

“பதினைந்து வருஷமாக எங்கள் தொட்டி நிரம்பவேயில்லை” என்று பெருமை பேசுவோரைப் பல ஊர்களில் காண்கிறோம். அது பெருமைக்குரிய செய்தியன்று. அடியில் தளம் போடாமல் சிமெண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கியிருந்தால், அது செப்டிக் டாங்கே அன்று. மலநீரைப் பூமிக்குள் விடும் குழியாகும். தளமும் சுவரும் சரியாக இருந்தால், சகதி வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டிலும் அருகிலுள்ள கிணறும் குழாய்க் கிணறும் கெடுவதற்கு இடமுண்டு.

நன்கு வேலை செய்யும் தொட்டியிலிருந்து வழியும் நீரிலும் நோய்க்கிருமிகள் உண்டு. அதைத் தெருச் சாக்கடையில் விடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது, இது கூடாது. உறிஞ்சு குழியில்தான் விட வேண்டும். அக்குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி, தள்ளியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. நெருங்கிய மனைக்கட்டுகளில் இது கடினம் என்பதை அறிவோம். எனினும் அளக்கும்போது பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்தே அளக்க வேண்டும். நம் கிணற்றைக் காப்பதற்காகக் குழியை அடுத்தவர் வேலியோரம் தோண்டுவது நியாயமாகாது.

அளவைப் பற்றியும் ஒரு சொல். ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு 5 அடி நீளம், 2½ அடி அகலம், நீர் நிற்கும் ஆழம் 3½ அடி இருந்தால், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்வதற்குப் போதுமானது. பலரோ, பெரிதாகக் கட்டிவிட்டால் ஒரு தலைமுறைக்குக் கவலையில்லை என எண்ணிக் கிணறுபோல் ஆழமாகத் தோண்டுகின்றனர். பெரிய தொட்டி வேலையைத் தள்ளிப்போடுமேயன்றித் தவிர்க்காது. நெடுங்காலம் கிடந்த சகதி இறுகிப் போய் லாரியின் குழாய்க்கு இழுபடாது. அப்போதுதான் “ஆளை இறக்கு” என்ற பேச்சு எழுகிறது.

ஆளை இறக்கலாகாது

தொட்டிக்குள் பிராணவாயு இராது; விஷவாயுக்கள் இருக்கும். அவற்றுள் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றமுடையது. அளவு மிகும்போது அது மோப்ப உணர்வையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் இல்லையே என்று நம்பி இறங்குபவர் சில நொடிகளில் நினைவிழந்து சாய்வார். அவரைத் தூக்க இறங்கிய இரண்டாமவரும், மூன்றாமவரும் மாண்ட செய்திகளை நாளேடுகளில் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். இன்னும் உபயோகத்துக்கே வராத புதுத் தொட்டியும் ஆபத்தற்றதன்று. தளம் போட்டுப் பல நாள் மூடிக் கிடந்த தொட்டிக்குள் சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கிய கொத்தனாரும் சித்தாளும் மூச்சுத் திணறி இறந்ததுண்டு. எனவே மேல்தளம் போடும்போதே, வெளியிலிருந்து எடுக்கக்கூடிய பலகைகளைத் தனித்தனியே வார்த்து மேலே அடுக்குவது நலம்.

2013-ஆம் ஆண்டின் சட்டம், தக்க பாதுகாப்பின்றி மனிதரைக் கொண்டு செப்டிக் டாங்கைச் சுத்தம் செய்விப்பதைக் குற்றமாக்கியுள்ளது. முதல் முறைக்கு இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். ஒப்பந்தக்காரருக்கு மட்டுமன்றி, கூலி பேசி அழைக்கும் வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். இத்தகைய பணியில் இறப்போர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அளிக்க வேண்டுமென்று 2014-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஊரில் இந்த வேலைக்கென்று எந்தத் தெருவிலிருந்து ஆளழைப்பது வழக்கம் என்பது யாவரும் அறிந்ததே. அவ்வழக்கத்தை இனியும் தொடர்வதற்கு ஒரு காரணமும் இல்லை.

நாளும் செலவும்

ஆண்டுக்கு ஒருமுறை சகதியின் உயரத்தைப் பார்த்துவிட வேண்டும். நீண்ட மூங்கிலின் கீழ்ப்பகுதியில் வெள்ளைத் துணியைச் சுற்றித் தொட்டியின் அடிவரை செலுத்தி, சில நிமிடம் விட்டு மெல்ல எடுத்தால், கறுத்த கறை எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறதென்று தெரியும். நீரின் ஆழத்தில் மூன்றிலொரு பங்கை அது எட்டினால் லாரிக்குச் சொல்லிவிடலாம். மூடியைத் திறந்து சற்று நேரம் காற்றாட விட்டபின், ஓரமாக நின்றே இதைச் செய்ய வேண்டும். குனிந்து முகத்தை உள்ளே நீட்டலாகாது. தீக்குச்சியோ பீடியோ அருகில் வரலாகாது, ஏனெனில் உள்ளே எரியும் வாயுவும் உண்டு. குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட வேண்டும். அளக்க முடியாதவர்கள் இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

காலம் மாசியிலிருந்து ஆனி வரை ஏற்றது. ஐப்பசி, கார்த்திகை மழையில் லாரி கொல்லைப்புறம் வர இயலாது. அன்றியும் நிலத்தடி நீர் மேலெழும் டெல்டாப் பகுதிகளில், காலியான தொட்டியை வெளிநீர் நெருக்கிச் சுவரில் விரிசல் உண்டாக்கக்கூடும். எடுத்து முடிந்ததும் அடியில் சிறிது சகதியை விட்டுவைத்து, தொட்டியில் நல்ல நீரை நிரப்பிவிட வேண்டும். நுண்ணுயிர்கள் மீண்டும் வேலை தொடங்க அந்தச் சகதியே போதும். “இதைப் போட்டால் சுத்தமே செய்ய வேண்டாம்” என்று விற்கப்படும் பொடிகளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. பினாயிலையும் ஆசிடையும் தாராளமாக ஊற்றுவோர் அந்த நுண்ணுயிர்களைத் தாமே கொல்கின்றனர். துணி, நாப்கின், பிளாஸ்டிக், சாம்பல் ஆகியவற்றைப் போடுவதும், மழைநீரைத் தொட்டிக்குள் விடுவதும் கூடா. குளியல் நீரை வாழைக்கோ தென்னைக்கோ திருப்பிவிட்டால் தொட்டிக்கும் நலம், மரத்துக்கும் நலம்.

செலவைக் கண்டு மலைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. உங்கள் ஊரில் ஒரு நடைக்கு 3,000 ரூபாய் கேட்பதாக வைத்துக்கொண்டால், மூன்றாண்டின் 36 மாதங்களுக்கு அது மாதம் 84 ரூபாய்க்கு மேல் போகாது. சுய உதவிக் குழுவிலோ அஞ்சலகத்திலோ தனியாகச் சேர்த்து வரலாம். தொட்டி மூடியின்மேல் சிமெண்டு பூசி மறைத்துவிடாமலும், அதன்மேல் மாட்டுக்கொட்டகையோ சமையற்கட்டோ எழுப்பாமலும் இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. லாரி வந்த தேதியைக் கழிப்பிடச் சுவரிலேயே எழுதி வைத்துவிடலாம்.

சகதி போகுமிடம்

லாரி வீட்டைவிட்டுப் போனதும் நம் பொறுப்பு தீர்ந்ததாக எண்ணுகிறோம். அது இரவில் ஏரிக்கரையிலோ ஓடையிலோ திறந்துவிடப்பட்டால், நம் வீட்டுக் கழிவு நம் ஊர்க் குடிநீருக்கே திரும்பி வரும். தமிழ்நாட்டில் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் முதன்முதலாக மதுராந்தகத்தை அடுத்த கருங்குழிப் பேரூராட்சியில் 2017-இல் அமைக்கப்பட்டது. அதன்பின் வேறு பல ஊர்களிலும் அமைந்துள்ளன. அருகிலுள்ள நிலையம் எது என்பதை ஊராட்சி அறிந்து வைத்திருப்பதும், உரிமம் பெற்ற வண்டிகளை மட்டுமே ஊருக்குள் விடுவதும் நன்று.

எருவென்று கருதிப் பச்சைச் சகதியை வயலில் வாங்கிக்கொள்ளும் விவசாயிகளும் இருக்கின்றனர். அதில் சத்து உண்டென்பது உண்மையே. ஆயினும் குடற்புழு முட்டைகள் மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். கீரையும் காய்கறியும் விளையும் நிலத்தில் அது விழுந்தால் நோய் சந்தைவரை செல்லும். வெறுங்காலோடு உழுபவருக்கும் கெடுதல். எருதான் வேண்டுமெனில், புது வீடு கட்டுவோர் இரட்டைக் குழிக் கழிப்பிடத்தை யோசிக்கலாம். நிலத்தடி நீர் ஆழத்திலுள்ள ஊர்களுக்கு அது பொருத்தமானது. ஒரு குழி நிரம்பியதும் மற்றொன்றுக்கு மாற்றி, நிரம்பியதை மூடி இரண்டாண்டு விட்டால், உள்ளிருப்பது நாற்றமற்ற மக்காகிவிடும்.

ஊராட்சி அங்கத்தினர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வார்டு வாரியாக, எந்த வீட்டில் எவ்வகைத் தொட்டி, கடைசியாக எடுத்தது எந்த ஆண்டு என்று ஒரு பதிவேடு தயாரித்தல். முறை வந்த பத்து வீடுகளைச் சேர்த்து ஒரே நாளில் லாரியை வரவழைத்தால் நடைக்கூலியைக் குறைத்துப் பேச முடியும். மார்ச் 22-ஆம் தேதி தண்ணீர் தினத்தன்று கூடும் கிராம சபையில் இப்பதிவேட்டைப் படித்துவிட்டால், மழைக்கு முன் வேலையை முடிக்கப் போதிய அவகாசம் கிடைக்கும்.